பலவேசத்தின் ஊமைக்குழல்

ஐந்தருவிப் பாதையில் டீக்கடை போட்டிருந்த மூசாதான் எனக்கு முதலில் சொன்னது. விஷு வருசம், ஆடி மாதம். வடகரையிலிருந்து ஒரு வண்டி தேங்காய் கொண்டுபோய் அருவிக்கரைக் கடைகளுக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். சாரல் விடாமல் அடித்தது. காளை இரண்டும் நனைந்து, முதுகில் ஆவி பறக்க நின்றன.

"அண்ணாச்சி, நம்ம கச்சேரி பாத்தீரா?" என்றார் மூசா.

"என்ன கச்சேரி?"

"ஊமைக்குழல் கச்சேரி. மத்தியானம் கூட்டம் சாப்பிடப் போனதும் ஒருத்தரு வருவாரு. தண்ணி விழுத பாறையை ஒட்டி நிப்பாரு. இடுப்புல இருந்து குழலை எடுப்பாரு. கன்னம் உப்பும், விரலு ஆடும், ஒரு சத்தம் வெளிய வராது. அரை மணி நேரம் ஊதிட்டு, துடைச்சுச் செருகிட்டு, இங்கன வந்து தேத்தண்ணி குடிப்பாரு. ரெண்டு மாசமா நடக்குது. நல்லா இருக்குன்னும் சொல்ல முடியல, நல்லா இல்லன்னும் சொல்ல முடியல."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "யாருவே அது?" என்றேன்.

"பங்களாக் காவக்காரரு. பலவேசம்னு பேரு."

பலவேசம் என் தங்கச்சி பாலம்மாளின் புருசன். மூசாவுக்கு அது தெரியாது. தேங்காயை அப்படியே போட்டுவிட்டு அருவிக்கு நடந்தேன்.

பாறையோடு பாறையாக நின்றார். ஐம்பதை நெருங்குகிற வயது. மேலுக்குச் சட்டையில்லை. கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்தார். ஐந்து கிளையாக விழுகிற தண்ணீர் போட்ட இரைச்சலில் பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காது, குழல் எங்கே கேட்கும். விரல்கள் மட்டும் ஏறி இறங்கின. கண்ணை மூடியிருந்தார். நான் போய்த் தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டு, குழலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஐம்பது வயது ஆள்.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பேச்சுக் கேட்கிற தூரத்துக்கு இறங்கி வந்தோம்.

"என்ன மச்சான், புளி கொண்டாந்தீரா?" என்றார்.

"புளி பங்குனியிலலா. இது ஆடி."

"ஆமா. ஆடி."

"பின்னால என்ன ஒளிக்கீரு?"

முன்னால் எடுத்தார். புது மூங்கில். ஓட்டைகளின் ஓரம் சூட்டுக்கம்பி பட்டுக் கறுத்திருந்தது. அவரே செய்தது என்று பார்த்ததும் தெரிந்தது.

"இன்னும் உமக்குப் புத்தி வரலியா மாப்ள?"

வேட்டி நுனியால் குழலில் ஒட்டிய தண்ணீரைத் துடைத்தார். 

"பங்களாவுக்குப் பின்னால ஒரு மூங்கில் புதரு நிக்கி. அதுல ஒண்ணுல வண்டு துளை போட்டுட்டு. காத்து அடிச்சா அது ஊதும். ஒரே சுரம். சித்திரையில பிடிச்சு விடாம ஊதுச்சு. சத்தம் போடாதேன்னுதான் வெட்டினேன். வெட்டினதுல ஒரு கணு கையிலயே நின்னுட்டு."

"அடுப்புல போட வேண்டியதுதான."

"ஒண்ணைத்தான் அடுப்புல போட்டீரே" என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். பதினெட்டு வருசத்தில் அந்தப் பேச்சை அவர் எடுத்தது அன்றைக்குத்தான்.

அடுப்பில் போட்டது உண்மை. அதைச் சொல்லாமல் பலவேசத்தைப் பற்றி எழுத முடியாது.

அவருக்குச் சொந்த ஊர் இலத்தூர். குளத்துக்குக் கீழே கொஞ்சம் வயல் இருந்தது. நல்ல உழைப்பாளி, வாய் பேசாத ஆள். குழல் அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கோயில் கொடையில் நாயனக்காரர் ஊதுவதை ஒரு தரம் கேட்டுவிட்டு வந்து, வரப்பில் உட்கார்ந்து தேடித் தேடி அதைப் பிடித்துவிடுவார். ஒரு நாளும் சபையில் ஊதியதில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற நேரத்தில் ஊதுவார், பெண்டாட்டி சோறு வடிக்கிற நேரத்தில் ஊதுவார். என் தங்கச்சியைக் கொடுத்த புதிதில், "என்னட்டி, உன் மாப்பிள்ள பேசவே மாட்டாரா?" என்று கேட்டேன். "அவரு பேசுறது எனக்குக் கேக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரே பிள்ளை. பெண். பேராச்சி என்று பெயர் வைத்தார்கள்.

துந்துபி வருசம் மாசியில் இலத்தூரில் ஆத்தா இறங்கினாள். பேராச்சிக்கு அப்போது நாலு வயசு. எங்கள் பக்கத்தில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் உள்ளே உலக்கை எடுக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது. வருகிறவரை வா என்று சொல்லக் கூடாது, போகிறவரைப் போ என்று சொல்லக் கூடாது. மேளமோ குழலோ அந்தத் தெருவிலேயே கேட்கக் கூடாது. கேட்டால் ஆத்தா கோவித்துக்கொள்வாள் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் நம்பினேன்.

பிள்ளைக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஒரு சாக்கு இளநீர் வெட்டிக்கொண்டு நான் போனேன். உச்சிப்பொழுது. தெருவில் ஆள் இல்லை. முனை திரும்பும்போதே குழல் கேட்டது. அவர் வீட்டிலிருந்துதான். மெல்லமாக, கேட்டும் கேளாமலும் வந்தது.

வேப்பிலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பிள்ளை வாழையிலையில் கிடந்தது. பாலம்மாள் தலைமாட்டில் இருந்தாள். இவர் சுவர் ஓரம் குந்தியிருந்து ஊதிக்கொண்டிருந்தார். குழலைப் பறித்தேன். அடுப்பில் திணித்தேன். "ஏலே, ஆத்தா இருக்கிற வீட்டுல குழலா ஊதுத?" என்று கத்தினேன். மாப்பிள்ளை என்கிற மரியாதையெல்லாம் போய்விட்டது. தெருவே வாசலில் கூடிவிட்டது. சத்தத்தில் பிள்ளை முழித்து அழுதது.

பலவேசம் என்னைப் பார்க்கவில்லை. பாலம்மாளைப் பார்த்தார். அவள் பிள்ளைக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது. துக்க வீட்டில் அத்தனை பேர் நடுவில் நான் சொன்னேன்: "பிள்ளைய இவன் ஊதியே அனுப்பிட்டான்." யாரும் மறுத்துப் பேசவில்லை. அவரும் பேசவில்லை. பாலம்மாள் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

நாற்பது நாள் கழித்து அவள் என்னோடு வண்டியேறி வடகரைக்கு வந்துவிட்டாள். சண்டை போட்டு வரவில்லை. ஒரு சேலையை மாற்றுச்சேலையாக எடுத்துக்கொண்டு வந்தாள், வந்தவள் போகவில்லை. அவர் கூப்பிட வரவும் இல்லை. வயலைத் தம்பிக்கு விட்டுவிட்டு, குற்றாலத்தில் யாரோ ஒரு பெரிய மனுசருடைய பங்களாவுக்குக் காவலுக்குப் போனார். குற்றாலத்துப் பங்களாக்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். சாரல் இரண்டு மூன்று மாதம் ஆள் கூட்டம், அதற்கப்புறம் ஒன்பது மாதம் காவல்காரனும் குரங்கும்தான். பதினாறு அறை உள்ள வீட்டுக்குப் பின்னால், மண்சுவர் வைத்த ஒரு அறையில் அவர் இருந்தார்.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றே ஒன்றுதான் போய்வந்தது. பங்குனிக்குப் பங்குனி பாலம்மாள் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, ஒரு பானை புளி கட்டிவைப்பாள். "இதைக் குத்தாலத்துல குடுத்துருண்ணே" என்பாள். யாருக்கு என்று சொல்லமாட்டாள். நான் கொண்டுபோய் வைப்பேன். அவர் பழைய பானையைக் கழுவிக் காயவைத்துக் கொடுப்பார். "கொட்டை எடுத்த புளியா?" என்று கேட்பார். "ஆமா" என்பேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான். அதனால்தான் ஆடியில் என்னைக் கண்டதும் புளி என்றார்.

அருவிக்கரையில் நின்ற அன்றைக்கும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"இவ்வளவு இடம் கிடக்க எதுக்கு இங்கன வந்து ஊதுதீரு?"

"இங்கனதான் யாருக்கும் கேக்காது."

"உமக்காவது கேக்குதா?"

"இல்ல."

"பெறகு என்ன எழவுக்கு?"

"விரலுக்கு ஞாபகம் இருக்கான்னு பாக்கேன்" என்றார். "இருக்கு மச்சான். முழுசும் விரல்ல இருக்கு. அன்னைக்குப் பாதியில நின்னுட்டுல்லா, அந்தப் பாட்டை ஒரு தரம் கடைசி வரைக்கும் ஊதிரணும். அவ்வளவுதான். பெறகு இந்தத் தண்ணியிலயே தூக்கிப் போட்டுருதேன்."

"என் தங்கச்சி காதுல விழாமப் பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மிச்சத் தேங்காயை இறக்கும்போது மூசா, "சொந்தக்காரரா அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் தேங்காயை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது என் பெண்டாட்டி முப்பிடாதியிடம் இதைச் சொன்னேன். பாலம்மாள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன், கேட்டு ஏதாவது திட்டட்டும் என்று.

"மழைத்தண்ணி தலையில இறங்குமே" என்றாள். "துணி எதுவும் போட்டிருந்தாரா?"

"சாக்குப் போட்டிருந்தாரு."

"உம்" என்றாள். இன்னொரு கரண்டி மோர் ஊற்றினாள். நான் போதும் என்று கைகாட்டியதை அவள் பார்க்கவில்லை.

சாரல் முடிந்தது, ஐப்பசி மழை முடிந்தது. தை பிறந்தது. பங்குனியில் பாலம்மாள் பானை கட்டிக் கொடுத்தாள். நான் வண்டியைப் பூட்டினேன்.

குற்றாலம் காய்ந்து கிடந்தது. ஐந்தருவியில் பாறைதான் இருந்தது. ஒரு கிளையில் மட்டும் வேட்டிக்கரை அகலத்துக்குத் தண்ணீர் வழிந்தது. சீசன் முடிந்தால் மூசா தென்காசி ஸ்டேஷன் பக்கம் போய்விடுவார். அன்றைக்குக் கடைக்கம்புகளைக் கறையான் அரித்திருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார்.

"இப்பம் கேக்குது அண்ணாச்சி" என்றார்.

"என்ன கேக்குது?"

"குழலு. தண்ணி வத்திட்டுல்லா. கேக்காமலே இருந்திருக்கலாம். குரங்கெல்லாம் மேல்மலைக்குப் போயிட்டு." பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "பாவமா இருக்கு. நாலு நாளா ஊதவும் காணோம். அந்தப் பாறையிலயே உக்காந்திருக்காரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். அதே பாறை. குழல் பக்கத்தில் கிடந்தது.

"கொட்டை எடுத்த புளியா மச்சான்?"

"ஆமா. என்ன, பாட்டு முடிஞ்சுதா?"

குழலை எடுத்து எனக்கு ஊதிக் காட்டினார். பருந்து கத்துகிறதுபோல் ஒரு கீச்சல் வந்தது. பாறையில் பட்டுத் திரும்பியும் வந்தது. அவர் முகம் சுளித்து நிறுத்தினார்.

"விரலெல்லாம் சரியாத்தான் போகுது. மூச்சுதான் கெட்டுப்போச்சு. தண்ணிச் சத்தத்துக்கு மேல எந்திரிக்கணும்னு நெஞ்சு அதுபாட்டுக்கு அழுத்தியிருக்கு. எட்டு மாசமா. எனக்குத் தெரியல. கேட்டாத்தான தெரியும்."

"மெதுவா ஊதிப் பாருமே."

"மெதுவா ஊதினா வெறுங் காத்துதான் வருது. அன்னைக்கு அவ்வளவு மெதுவா ஊதினேன், நீரு தெருமுனையில வச்சே கேட்டேன்னீரு. அந்த மூச்சு எங்க போச்சுன்னு தெரியல."

"இது வெட்டவெளி. அங்கன உம்ம அறைக்குள்ள இருந்து ஊதிப் பழகும். இப்பம் அங்கன யாரு இருக்கா?"

"கூரைக்குக் கீழ ஊத மாட்டேன் மச்சான்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கறி தின்னமாட்டேன் என்று ஒருத்தன் சொல்வதுபோலச் சொன்னார். நான் பானையை இறக்கிக் கொடுத்துவிட்டு, கழுவின பானையை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

வண்டியில் வரும்போது எனக்கு வேறு வேலை இல்லை. காளைக்கு வழி தெரியும். இலத்தூரில் அந்த ஒரு தெருவில் அந்த மாசியில் எத்தனை பிள்ளை போனது என்று நினைத்துப் பார்த்தேன். நாலு. பேராச்சியைத் தவிர மூன்று. அந்த வீடுகளுக்கும் நான் துக்கம் கேட்கப் போயிருக்கிறேன். அந்த மூன்று வீட்டில் குழல் ஊதியது யார்? உலக்கை எடுக்கவில்லை, தாளிக்கவில்லை, எல்லாம் முறைப்படிதான் இருந்தார்கள். இதை நினைத்துப் பார்க்க எனக்குப் பத்தொன்பது வருசம் ஆகியிருக்கிறது. செங்கோட்டை தாண்டுகிற வரை அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் பாலம்மாள் களத்தில் புளி குத்திக்கொண்டிருந்தாள். முன்னால் கொட்டை ஒரு குவியல், சதை ஒரு குவியல். நான் போய் எதிரே உட்கார்ந்தேன். எனக்கு நயமாகப் பேச வராது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புட்டி" என்றேன்.

"எதை?"

"மாப்பிள்ளைய. ஊதியே பிள்ளைய அனுப்பிட்டான்னு சொன்னேன்லா."

அவள் கொட்டை எடுப்பதை நிறுத்தவில்லை. ஒரு பழம் முடித்தாள், இன்னொன்றை எடுத்தாள்.

"நான்தாண்ணே ஊதச் சொன்னேன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவளே சொன்னாள்.

"மூணு நாளாப் பிள்ள கண்ணு மூடல. மேலெல்லாம் முத்து. தொட்டாக் கத்துது. மடியில போட முடியல, தட்டிக்குடுக்க முடியல. தாலாட்டலாம்னா எனக்குத் தொண்டை அடைச்சிட்டு. அவரு முடியாதுன்னாரு. ஆத்தா கோவிப்பா பாலம்மான்னாரு. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பெறகுதான் எடுத்தாரு. கொஞ்சம் ஊதினதுமே பிள்ள கண்ணு சொருகிட்டு. அப்பம்தான் நீ வந்தே."

"நீ ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீ கத்துனதும் அவரு என்னையப் பாத்தாரு. நான் சொல்லுவேன்னு பாத்தாரு. தெருவே நின்னுது. பயந்துட்டேன். அன்னைக்கும் சொல்லல, துக்க வீட்டுலயும் சொல்லல."

"அவரும் சொல்லலியே."

"சொல்லல. ஒரு நாளும் சொல்லல. கோவமா ஒரு பார்வை பாக்கல. சோறு வச்சாச் சாப்பிட்டாரு. 'நீதானட்டி சொன்னே'ன்னு ஒரு வார்த்தை அவரு கேட்டிருந்தா, அடிச்சிருந்தாக்கூட, நான் அங்கனயே கிடந்திருப்பேன். எப்படி அந்த முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கது?"

புளி ஒட்டின கையைச் சேலையில் துடைக்காமல் அப்படியே வைத்திருந்தாள். முப்பிடாதி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அவர் கீச்சென்று ஊதுவதையும், கூரைக்குக் கீழ் ஊதமாட்டேன் என்றதையும் அவளிடம் சொன்னேன். பாட்டை முடிக்கணும் என்று இருக்கிறார், முடியவில்லை என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

நாலு நாள் கழித்து, விடிந்ததும் வண்டிகிட்ட வந்து நின்றாள். கையில் ஒரு ஓலைப்பெட்டி நிறைய உடைக்காத புளி.

"புளி குடுத்தாச்சேட்டி" என்றேன்.

"இது எனக்கு வேலைக்கு" என்றாள். "சும்மா எப்படி உக்காந்திருக்க?"

பங்களாவுக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது. பலவேசம் முற்றத்தில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கூட்டுவதை நிறுத்தாமல் இன்னும் நாலு இழுப்பு இழுத்தார். அப்புறம்தான் துடைப்பத்தைப் போட்டார். இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது. அவளுக்கு அவ்வளவு நரைத்திருக்கிறது என்று எனக்கே அங்கே வைத்துத்தான் தெரிந்தது.

"வா" என்றார்.

"தண்ணி இருக்கா?" என்றாள்.

செம்பில் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தாள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்காமல், நேரே பின்னால் போய் அந்த மண்சுவர் அறைக்குள் நுழைந்தாள். அவர் வெளியே நின்றார். நானும் நின்றேன். உள்ளே பெட்டியைக் கவிழ்த்துப் புளியைக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"உள்ள வாங்க" என்றாள். "குழலை எடுத்துக்கிட்டு."

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கூரைக்குக் கீழ..." என்று ஆரம்பித்தார்.

"அன்னைக்கும் நான்தான் சொன்னேன். இன்னைக்கும் நான்தான் சொல்லுதேன். அண்ணனுக்குச் சொல்லியாச்சு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என்னிடம் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன், அவளை அணைப்பார் என்றோ அழுவார் என்றோகூட நினைத்தேன். "சொல்லியிருக்க வேண்டாம்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். இத்தனை வருசம் அவர் வைத்திருந்த ஒரே பொருளை யாரோ எடுத்துக்கொண்டு போனமாதிரி இருந்தது அவர் முகம். பிறகு குனிந்து உள்ளே போனார்.

"நீ வண்டிகிட்ட நில்லுண்ணே" என்றாள் பாலம்மாள்.

வண்டி வாசலுக்கு வெளியே பாதையில் நின்றது. காளைக்கு வைக்கோல் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்தக் கீச்சல் வந்தது. நின்றது. மறுபடியும் கீச்சல்.

"இம்புட்டுச் சத்தமாவா ஊதினீய அன்னைக்கு?" என்று அவள் கேட்டது என் காதில் விழுந்தது. அவர் சொன்னது விழவில்லை.

பிறகு காற்று மட்டும் போகிற சத்தம். ரொம்ப நேரம் அதுதான். வெறும் ஊதல், நிற்கும், மறுபடி ஊதல். வெயில் உச்சிக்கு வந்தது. நான் காளையின் நிழலில் குந்தியிருந்தேன். அப்படி இருக்கும்போது அந்தக் காற்றுக்குள்ளே கொஞ்சம் சுரம் வந்தது. உடனே போய்விட்டது. திரும்ப வந்தது. பத்தொன்பது வருசத்துக்கு முன்னால் தெருமுனையில் கேட்டதுபோல இருந்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை. இது கிழட்டுச் சத்தம். ஓரிடத்தில் போய் நின்றது. நின்ற இடம்தான் அன்றைக்கு நான் உள்ளே நுழைந்த இடமா என்று நினைத்தேன். எழுந்து நின்றுவிட்டேன். வெகுநேரம் கழித்து மறுபடி கேட்டது. அது மிச்சமா, முதலிலிருந்து ஆரம்பித்ததா, எனக்குத் தெரியாது. எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. அதை நான் முழுசாக விட்டிருந்தால்தானே தெரிந்திருக்கும்.

வெயில் சாய்ந்ததும் பாலம்மாள் வந்தாள். பெட்டியில் புளி கொட்டை எடுத்து முடிந்திருந்தது. பலவேசம் கூட வரவில்லை.

"முடிஞ்சுதாட்டி?" என்றேன்.

"மாட்டைப் பூட்டுண்ணே" என்றாள்.

அதற்கப்புறம் அவள் அங்கேயே போய் இருந்துவிட்டாளா என்று கேட்பார்கள். இல்லை. பானையை நான் கொண்டுபோவது நின்றது, அவளே கொண்டுபோனாள். வருசத்துக்கு ஒரு நாள், அருவி வற்றின பிறகு. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். ஏன் இருக்கவில்லை என்று ஒரு தரம் முப்பிடாதி கேட்டதற்கு, "பழக்கம் விட்டுப்போச்சு மயினி" என்று சொன்னாள். நாலு பங்குனி அப்படிப் போனது. நாலு தரமும் நான் வண்டிகிட்டத்தான் நின்றேன். சாரல் காலத்தில் அவர் குழலைத் தொடுவதில்லை என்று மூசா சொன்னார். தேத்தண்ணி குடிக்க வருவாராம். கச்சேரி எப்போது என்று கேட்டால், "பங்குனியில" என்பாராம்.

ஐந்தாம் வருசம் மார்கழியில் காய்ச்சல் கண்டு, தம்பி வந்து அவரை இலத்தூருக்குக் கொண்டுபோனார். ஒரு வாரம் கிடந்து காலமானார். நானும் பாலம்மாளும் போனோம். அதே வீடு. அவள் அதே சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள்.

ஆண்கள் வாசலில் இருந்தோம். எனக்கு ஒரு காரியம் பாக்கி இருந்தது. எந்த இடத்தில் சொன்னேனோ அந்த இடத்திலேயே அதைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். நாலு பேர் கூடியிருந்த நேரம் பார்த்து எழுந்து, "இந்த வீட்டுல வச்சு அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன். குழல் ஊதினதாலதான் பிள்ள போச்சுன்னு. அது தப்பு" என்றேன்.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். அந்தத் தெருவிலேயே வயது மூத்தவர் சிவனணைந்தபெருமாள் என்று ஒருவர். அன்றைக்கு வாசலில் நின்று கேட்டவர்தான். அவர் என்னை அண்ணாந்து பார்த்தார்.

"எந்தக் குழலு?" என்றார். "பலவேசம் குழல் ஊதுவானா என்ன?"

மற்றவர்களும் தெரியாது என்கிறமாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள். சும்மா சொல்லவில்லை, நிசமாகவே ஒருவருக்கும் ஞாபகமில்லை. எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

உள்ளே சுவரோரத்திலிருந்து பாலம்மாள் சொன்னாள். வாசல் வரைக்கும் கேட்கிறமாதிரிச் சொன்னாள்.

"ஊதுவாரு. நான் கேட்டா ஊதுவாரு."